கவிழ்த்து வைத்த சீட்டும் கத்திப் பேசிய நானும்

சீட்டாட்டம் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். இது காசு வைத்து ஆடுவதல்ல. ஜப்பானில் கசுகி தகாஹாஷி 1996-ல் வரையத் தொடங்கிய சித்திரக்கதையிலிருந்து பிறந்து, 1999-ல் கொனாமி நிறுவனம் அட்டைகளாக வெளியிட்ட ‘யூ-கி-ஓ’ ஆட்டம்.

இதில் சண்டை எங்கே வருகிறது தெரியுமா? கவிழ்த்து வைத்த சீட்டை எப்போது திறக்கலாம் என்பதில்தான்!

போன செமஸ்டரில் ஹாஸ்டலில் முதலாண்டுத் தம்பி ஒருவனோடு ஆடினேன். நான் தாக்கியதும், கவிழ்த்து வைத்திருந்த ‘மிரர் ஃபோர்ஸ்’ என்ற ட்ராப் சீட்டைத் திறந்தான். தாக்கும் நிலையில் இருக்கும் என் ராட்சதர்கள் அத்தனையும் காலி! உடனே நான் கையிலிருந்த ‘மிஸ்டிக்கல் ஸ்பேஸ் டைஃபூன்’ மந்திரத்தைப் போட்டு, "உன் சீட்டையே அழிச்சிட்டேன், அப்புறம் எப்படிடா அது வேலை செய்யும்?" என்று கத்தினேன். "அப்படி இல்லண்ணா..." என்று ஆரம்பித்தான். என் செட் பசங்க அவனைப் பேசவே விடவில்லை. நான் ஜெயித்தேன்.

பிறகு விதிகளைப் படித்தேன். தப்பு என்னுடையதுதான்.

ட்ராப் சீட்டைக் கவிழ்த்து வைத்த அதே டர்னில் திறக்கக் கூடாது. ‘குவிக்-பிளே’ மந்திரத்தை நம் டர்னில் கையிலிருந்து நேராகப் போடலாம். கவிழ்த்து வைத்துவிட்டால் அதற்கும் அந்த டர்ன் முடியும்வரை காத்திருப்புதான். சாதாரண மந்திரத்தையோ கவிழ்த்த டர்னிலேயே திறக்கலாம். ஆனால் எதிராளியின் டர்னில் கூடாது.

ஒரு சீட்டுக்குப் பதிலாக இன்னொன்று விழுந்தால், கடைசியாக விழுந்ததே முதலில் வேலை செய்யும். கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்கள் படிக்கும் ‘ஸ்டாக்’ இதுவேதான்! என் டைஃபூன் முதலில் அவன் அட்டையை அழித்தது உண்மை. ஆனால் அழிப்பது வேறு, செல்லாததாக்குவது வேறு. அம்பு கிளம்பிய பிறகு வில்லை முறித்து என்ன பயன்? களத்தில் திறந்தே கிடக்க வேண்டிய தொடர் சீட்டாக இருந்தால் மட்டும் என் வாதம் எடுபட்டிருக்கும்.

தாக்குவதற்கு முன்பே, அது கவிழ்ந்து கிடந்தபோது டைஃபூனைப் போட்டிருக்க வேண்டும். தாக்குதல் வராமல் அவனால் அதைத் திறந்திருக்கவே முடியாது. நேரம் தெரியாதது என் குறை.

என் கருத்து இதுதான்: விதி தெளிவாகத் தெரியாத இடத்தில் ஜெயிப்பது புத்தியல்ல, குரல்தான். அதிலும் சீனியர் குரல்! ஆகவே சண்டை வந்தால் ஆட்டத்தை நிறுத்தி விதியைப் படிப்போம். லேபில் ரீடிங் தப்பானால் திரும்ப எடுக்கிறோமே, அதுபோல!

அந்தத் தம்பியிடம் போய் ஒப்புக்கொண்டேன். "எனக்கு அன்னிக்கே தெரியும்ணா" என்றான். அதுதான் இன்னும் உறுத்துகிறது. தெரிந்தவனே வாய் திறக்க முடியாத இடத்தில் விதி இருந்தென்ன, இல்லாமல் போனாலென்ன? யோசியுங்கள் நண்பர்களே!