நிழலும் தண்ணீரும் காலனிப் பிள்ளைகளுக்கும்தான்

மே மாதத்தில் நம் மாவட்டத்துக்கு இரண்டு முகம். மலைமேல் கொடைக்கானலில் கோடை விழா. கீழே வேடசந்தூர், நிலக்கோட்டை, நத்தம் பக்கம் அக்னி நட்சத்திரம். இந்த வெயிலில்தான் காலனிகளில் பிள்ளைகளுக்குக் கோடை முகாம் நடக்கிறது. அம்பேத்கர் பிறந்தநாள் முடிந்த கையோடு, படித்த இளைஞர்கள் சமுதாயக்கூடத்தைத் திறந்து பாடமும் பறையும் சிலம்பமும் சொல்லித் தருகிறார்கள். பெற்றோர் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் கிணற்றிலும் குவாரிக் குட்டையிலும் இறங்குவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் முகாம் பாதுகாப்பாக நடக்க நிழலும் தண்ணீரும் வேண்டும். வெயில் எல்லோருக்கும் பொது. இந்த இரண்டும் அப்படி இல்லை.

பெரியவர்களைவிடச் சிறுவர்களின் உடல் சீக்கிரம் சூடேறும். விளையாட்டு மும்முரத்தில் தாகமும் தெரியாது. தகரக் கூரையின் கீழும் தொகுப்பு வீட்டிலும் இரவெல்லாம் புழுங்கிய பிள்ளை, காலையில் முகாமுக்கு வரும்போதே களைத்துத்தான் வருகிறது. மின்விசிறியும் குழாயும் உள்ள அரசுப் பள்ளி விடுமுறையில் பூட்டிக் கிடக்க, காலனி முகாம் கொட்டகையில் நடந்தால் அது யார் குற்றம்?

தண்ணீரின் கதை பழையது. 1901-இல், கோடை விடுமுறையைத் தந்தையுடன் கழிக்கக் கோரேகாவுக்குப் புறப்பட்ட சிறுவன் அம்பேத்கருக்கும் உடன் சென்ற பிள்ளைகளுக்கும் கையில் சோறு இருந்தது. சாதியால் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. இரவு பட்டினியாகப் படுத்தார்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், ஆதிதிராவிடர் குடியிருப்பின் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருப்பது தெரிந்ததே பிள்ளைகள் நோயில் விழுந்த பிறகுதான். நூற்றிருபது ஆண்டுகள் கடந்தும் தண்ணீருக்காக வதைபடுவது பிள்ளைகள்தான்.

2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. நல்லது. ஆனால் உயிர் போனபின் லட்சம் தருவதைவிட, போகுமுன் ஒரு பள்ளியின் பூட்டைத் திறப்பது எளிது. செலவும் குறைவு. பொதுக் குழாயையோ கிணற்றையோ பட்டியலின மக்கள் பயன்படுத்த விடாமல் தடுப்பது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பள்ளிக்குள் நுழைய விடாமல் தடுப்பதும் அப்படியே. ஆகவே நாம் கேட்பது சலுகை அல்ல.

முகாம் நடத்தும் தம்பி, தங்கைகளுக்கும் கடமை உண்டு. விளையாட்டைக் காலை பத்து மணிக்குள் முடியுங்கள். மறுபடி மாலை வெயில் தாழ்ந்தபின் தொடங்குங்கள். நண்பகலில் பிள்ளைகள் நிழலில் இருக்கட்டும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அரைமணிக்கு ஒருமுறை தண்ணீர் கொடுங்கள்; மோரும் நல்லது. பானையும் டம்ளரும் எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். தலைவலி, மயக்கம், வாந்தி என்றால் ஆட்டத்தை நிறுத்துங்கள். உடல் அனலாய்க் கொதித்து, பிள்ளை குழறிப் பேசினால் அது உயிருக்கே ஆபத்து. உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாத பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

மற்றது ஊராட்சியின் வேலை. மே 1 அன்று கிராம சபை கூடுகிறது. கோடை முகாமுக்குப் பள்ளியைத் திறந்துவிட வேண்டும், காலனித் தொட்டியைக் கழுவித் தினமும் தண்ணீர் ஏற்ற வேண்டும் என்று எழுதிக்கொண்டு போவோம். தீர்மானமாகப் பதிவேட்டில் ஏறும்வரை எழுந்து வர வேண்டாம். கல்லூரி மாணவர்கள் முன்வரிசையில் உட்காரட்டும்.