வைத்த கை எடுக்கவும் வேண்டும்

இலங்கை மலையகத்தின் நமுனுகுலையிலோ மடுல்சீமையிலோ ஒரு தோட்ட லயத்து அறைக்குள் போய்ப் பாருங்கள். சாமிப் படத்துக்குப் பக்கத்து ஆணியில் ஒரு பொலித்தீன் பை தொங்கும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, கிளினிக் கொப்பி எல்லாம் அதற்குள்தான். கல்லடைப்புக்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர் வீடென்றால் ஆஸ்பத்திரித் துண்டொன்றும் இருக்கும். அதில் ஆங்கிலத்தில் ஒரு வரி: உள்ளே டி.ஜே. ஸ்டென்ட் வைக்கப்பட்டிருக்கிறது, இன்ன திகதியில் எடுக்க வேண்டும். பல வீடுகளில் அதை வாசிக்க ஆளில்லை.

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைவரை இறங்கும் மெல்லிய குழாய் அது. 1978இல் ரோய் ஃபினி விவரித்த இந்தக் குழாய், இரு முனையும் சுருண்டிருப்பதால் எளிதில் நழுவாது. வீக்கம் வடியும்வரை சிறுநீருக்கு வழிவிட்டு எத்தனையோ சிறுநீரகங்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அது விருந்தாளி; தங்கிவிடக் கூடாது. நாள் போகப்போகக் கிருமிகள் குழாயில் பாசிபோல் படிகின்றன. அந்தப் படலத்துக்குள் மருந்து சரியாக ஊடுருவாது. சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமி தெரியாமலும் போகலாம். மாதக்கணக்கில் விட்டால் குழாயின் மேலேயே கல் வளரும். தொற்று இரத்தத்தில் கலந்தால் உயிரே போகும். நீரிழிவுக்காரருக்கு ஆபத்து இன்னும் அதிகம். உரிய நாளில் வந்தால், சாதாரணமாகச் சில நிமிடங்களில் எடுத்துவிடலாம்.

வராதவரைக் ‘கவனயீனமான நோயாளி’ என்று எழுதி ஃபைலை மூடுவது அநீதி. கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், இல்லை. நாட்சம்பளம் 1000 ரூபாவைத் தொட 2021வரை போராடிய மக்களுக்கு ஒரு நாள் பேர் என்பது சின்ன விஷயமல்ல. கொழுந்து மலையில் கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கிக்கொண்டு நிற்கும் பெண்களிடம் ‘நிறையத் தண்ணீர் குடி’ என்று சொல்லி அனுப்புகிறோம். 2025 நவம்பரில் டித்வா புயல் மலைப் பாதைகளை மண்ணால் மூடியது. பாதை அடைபட்டாலும் உடலுக்குள் இருக்கும் குழாய்க்கு நாள் ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

எமது தீர்ப்பு இது: குழாயை வைத்த அன்றே, அதை எடுக்கும் பொறுப்பும் வைத்தவரின் தோளில் ஏறிவிடுகிறது. ஒவ்வொரு ஸ்டென்ட்டும் பதிவேட்டில் ஏற வேண்டும். நாள் தாண்டியவரை ஆஸ்பத்திரியே தொலைபேசியில் அழைக்க வேண்டும். திகதி தமிழில் எழுதப்பட வேண்டும். 1987இன் 13ஆம் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியதற்கு நோயாளியின் கையிலாவது அர்த்தம் இருக்கட்டும். தேவையில்லாத இடத்தில் குழாய் வைக்காதிருப்பதும், சத்திரசிகிச்சைக்கு முன் சிறுநீரைச் சோதித்துத் தொற்றைத் தீர்ப்பதும் வைத்தியரின் கடமை. தோட்ட மருந்தகத்துக்கும் அந்தத் திகதி தெரிய வேண்டும். எடுக்கும் நாளில் தோட்ட நிர்வாகம் சம்பளத்தோடு லீவு கொடுக்க வேண்டும்.

நோயாளிகளுக்கும் ஒரு வார்த்தை. குழாய் உள்ளே இருக்கும்போது குளிரோடு காய்ச்சல் வந்தால் கசாயம் வைத்துக் காத்திருக்காதீர்கள். உடனே 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். அந்தத் துண்டை எடுத்து, படிக்கும் பிள்ளையிடம் கொடுத்து இன்றே வாசிக்கச் சொல்லுங்கள்.

ஆனால் ஒரு மனிதரின் உயிர், வீட்டில் ஆங்கிலம் தெரிந்த பிள்ளை இருப்பதை நம்பியிருக்கக் கூடாது. அப்படி நம்பவிட்டால், அந்தக் குற்றம் நோயாளியுடையதல்ல, எம் எல்லோருடையது.