வேப்பமரத்தடியில் ஒரு போர்ஷே!

புதுச்சத்திரத்தில் என் மாமா வீட்டு வாசலில் இதுவரை நின்றதெல்லாம் ரிக் வண்டி, டிராக்டர், கோழிப்பண்ணைக்கு மக்காச்சோளம் இறக்க வரும் லாரி. போன மாதம் அதே இடத்தில், நெஞ்சு உயரம்கூட இல்லாத ஒரு வெள்ளி நிறக் கார் வந்து நின்றது. இரண்டே சீட், துணிக்கூரை. போர்ஷே பாக்ஸ்டர்!

பழைய ரிக் வண்டி ஒன்றை விற்ற காசில், பெங்களூரிலிருந்து வாங்கி வந்திருக்கிறார். இங்கிலாந்தில் இரண்டு வருடம் ஓடி, 2009-ல் இந்தியாவுக்கு இறக்குமதியான வண்டி. மாமா நான்காவது ஓனர்.

“ஏன் கண்ணு, நீ பத்திரிகையில இருக்கறயே... இது ஒரிஜினல்தானான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லு” என்றார் மாமா போனில்.

பின்னாலிருந்து அத்தையின் குரல்: “வாங்குறதுக்கு முன்னாடி கேட்டிருக்கணும். வாங்கிட்டு வந்து கேக்கறாரு பாரு!”

அத்தை சொன்னது நூற்றுக்கு நூறு சரி. 2025 செப்டம்பரில் கேரளாவில் சுங்கத் துறை நடத்திய ‘ஆபரேஷன் நும்கோர்’ சோதனை நினைவிருக்கும். பூட்டான் வழியாகக் கடத்தி வந்து, போலிப் பத்திரங்களில் பதிவு செய்யப்பட்டதாகச் சந்தேகிக்கப்பட்ட கார்களைத் தேடி, பிரபல நடிகர்கள் வீடு வரை அதிகாரிகள் போனார்கள். அப்படி ஒரு வண்டி சிக்கினால், கடைசியாகக் காசு கொடுத்து வாங்கியவர் வாசலில் இருந்துதான் தூக்கிக்கொண்டு போவார்கள். அந்த வார சனிக்கிழமையே பஸ் ஏறிவிட்டேன்.

டிக்கிக்குள் சாவி... மாதிரிதான்!

நான் போய் இறங்கியபோது வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. நாலு நாள் சும்மா நின்றதில் பேட்டரி இறங்கிவிட்டது. இந்த பாக்ஸ்டரில் எஞ்சின் சீட்டுக்குப் பின்னால். பேட்டரி முன் டிக்கியில். முன் டிக்கியைத் திறப்பது கரன்ட் பூட்டு. அந்தக் கரன்ட்டைக் கொடுக்க வேண்டியது... டிக்கிக்குள் பூட்டிக் கிடக்கும் அதே பேட்டரி!

காப்பாற்றியது லாரி எலெக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவர். கால் வைக்கும் இடத்தின் ஓரத்தில் இருக்கும் ஃப்யூஸ் பாக்ஸில், இந்த மாதிரி நேரத்துக்கென்றே இழுத்து நீட்டும்படி ஒரு டெர்மினல் உண்டு. அதற்கு வெளியிலிருந்து 12 வோல்ட் கொடுத்தால் பூட்டு திறக்கும். மாமா ஆர்வமாக லாரியைப் பக்கத்தில் கொண்டுவர, அண்ணன் தடுத்துவிட்டார். “லாரி 24 வோல்ட்டுங்க. அப்படியே குடுத்தா உள்ள இருக்கற கம்ப்யூட்டர் பூராவும் போயிரும். ஒத்தை பேட்டரியைக் கழட்டிக் குடுங்க.” அந்த ஒரு வார்த்தை மாமாவுக்கு லட்சங்களை மிச்சப்படுத்தியிருக்கும்.

பாடம் ஒன்று: தினமும் ஓட்டாத காருக்கு, பேட்டரியை மெதுவாக நிரப்பிக்கொண்டே இருக்கும் மெயின்டெய்னர் சார்ஜர் ஒன்று வாங்கி மாட்டிவிடுங்கள்.

17 எழுத்தில் ஜாதகம்

டிக்கி திறந்ததும் முதல் வேலை சேஸிஸ் நம்பர். முன் கண்ணாடியின் கீழ் மூலையில், கதவுத் தூண் ஸ்டிக்கரில், முன் டிக்கிக்குள் பாடியிலேயே அடித்தது என்று பல இடங்களில் இருக்கும். எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்டிக்கரை மாற்றலாம், இரும்பில் அடித்ததை மாற்றினால் தடவிப் பார்த்தாலே தெரியும்.

மொத்தம் 17 எழுத்து. எங்கள் வண்டியில் முதல் மூன்று ‘டபிள்யூ, பி, பூஜ்யம்’. டபிள்யூ என்றால் ஜெர்மனி. மூன்றும் சேர்ந்தால் போர்ஷே கார். அடுத்த மூன்று இடங்களில் ‘இசட், இசட், இசட்’. அமெரிக்காவுக்கென்று தயாரான வண்டியில் அந்த இடத்தில் வேறு எழுத்துகள் இருக்கும். அது இடது பக்க ஸ்டீயரிங் வண்டி. ‘அமெரிக்க’ நம்பரோடு வலது பக்க ஸ்டீயரிங் இருந்தால் உடனே சந்தேகப்படுங்கள்.

7, 8-வது இடங்களில் 9, 8. 12-வது இடத்தில் 7. மூன்றையும் சேர்த்தால் 987. அதுதான் அந்தத் தலைமுறை பாக்ஸ்டரின் மாடல் எண். பத்தாவது எழுத்து மாடல் வருடம். எங்களுக்கு 7, அதாவது 2007. (2010 முதல் அந்த இடத்தில் ஏ, பி, சி என்று எழுத்துகள் வரும்.) பதினொன்றாவது ‘யு’. அது ஃபின்லாந்தின் ஊசிகௌபுங்கி ஊர்த் தொழிற்சாலை. ஜெர்மன் கார் என்று நாம் நினைக்கும் பாக்ஸ்டர்களில் ஏராளமானவை ஃபின்லாந்தில் தயாரானவைதான்!

ஜப்பானிலிருந்து வரும் உள்நாட்டு மாடல்களுக்கு இந்த 17 எழுத்துக் கணக்கு கிடையாது. பழைய டொயோட்டா சுப்ரா என்றால் ‘ஜே.இசட்.ஏ.80’ என்று தொடங்கி ஒரு சின்ன எண் மட்டும்தான். அதில் 17 எழுத்தைத் தேடிப் பயப்பட வேண்டாம்.

ஒரு பூஜ்யம் செய்த வேலை

எல்லாம் சரியாக வந்தது. ஆர்.சி.யை எடுத்து ஒப்பிட்டேன். மூன்றாவது இடத்தில் நின்றுவிட்டேன். வண்டியில் பூஜ்யம். ஆர்.சி.யில் ஆங்கில ‘ஓ’.

“ரெண்டும் உருண்டைதானே கண்ணு?” என்றார் மாமா.

உருண்டைதான். ஆனால் சேஸிஸ் நம்பரில் ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று எழுத்துகளும் வரவே கூடாது என்பது உலகம் முழுக்க இருக்கும் விதி. 1, 0-வோடு குழம்பக் கூடாது என்பதற்காகத்தான் அந்த விதியே. எந்தக் காலத்திலோ, எந்த அலுவலகத்திலோ யாரோ தட்டச்சில் செய்த தவறு, மூன்று ஓனர்களைத் தாண்டி எங்கள் வாசலுக்கு வந்திருக்கிறது. இன்ஷூரன்ஸிலும் அதே ‘ஓ’. நாளைக்கு ஒரு விபத்து என்றால், ‘இந்த நம்பரில் வண்டியே இல்லையே’ என்று கிளெய்ம் இழுபறியாகலாம்.

மாமாவின் முகம் மாறிவிட்டது. ரிக் வண்டி விற்ற காசு. இருபது வருட உழைப்பு.

இது தட்டச்சுப் பிழையா, மோசடியா என்பதைச் சொல்லக்கூடிய காகிதம் ஒன்றே ஒன்றுதான். சுங்கத் துறையின் ‘பில் ஆஃப் என்ட்ரி’. எந்தத் துறைமுகம், எந்தத் தேதி, எந்த சேஸிஸ் நம்பர், எவ்வளவு வரி என்று எல்லாம் அதில் இருக்கும். மாமாவிடம் அது இல்லை. பழைய ஓனரிடம் போனில் கேட்டால், “தேடிப் பார்க்கிறேன்” என்றார். இரண்டு நாள் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாவது நாள் ஒரிஜினல் கூரியரில் வந்தது. அதில் பூஜ்யம்! மும்பை துறைமுகம், 2009.

அந்த இரண்டு தகவலும் முக்கியம். பயன்படுத்திய காரை இறக்குமதி செய்ய வேண்டுமானால், அது தயாராகி 3 வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. மும்பை துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும். வலது பக்க ஸ்டீயரிங், கிலோமீட்டர் காட்டும் மீட்டர் வேண்டும் என்பது விதி. (வெளிநாட்டில் இருந்து நிரந்தரமாகத் திரும்புபவர்கள் கொண்டுவரும் கார்களுக்குத் தனி நிபந்தனைகள் உண்டு.) 2007-ல் தயாராகி 2009-ல் வந்தது கணக்குக்குள் வருகிறது. ‘2004 மாடல், 2011-ல் இறக்குமதி’ என்று யாராவது சொன்னால், டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

மீட்டரையும் கவனியுங்கள். இங்கிலாந்தில் மைல் கணக்கு. பழைய சர்வீஸ் புத்தகத்தில் 30,000 என்று இருந்தால் அது சுமார் 48,000 கிலோமீட்டர்.

வெளிமாநில வண்டி என்றால், 12 மாதங்களுக்குள் தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்ற வேண்டும். சேஸிஸ் நம்பரில் பிழை இருந்தால், என்.ஓ.சி. வாங்கும் முன்பே பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் திருத்திவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அதே பிழை புது ஆர்.சி.யிலும் வந்து உட்காரும். பில் ஆஃப் என்ட்ரியோடும், பென்சிலால் தேய்த்தெடுத்த சேஸிஸ் பிரின்ட்டோடும் மாமா இப்போது அதற்குத்தான் அலைந்துகொண்டிருக்கிறார்.

மரத்தடி வேண்டாம்!

பாசத்தில் மாமா வண்டியை வேப்பமர நிழலில் நிறுத்தியிருந்தார். இந்த வண்டிக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. துணிக்கூரையில் விழும் மழைநீர் வெளியேற, சீட்டுக்குப் பின்னால் பக்கத்துக்கொன்றாகச் சின்ன ஓட்டைகள் உண்டு. வேப்பஞ்சருகு அதை அடைத்தால் தண்ணீர் சீட்டுக்கு அடியில் தேங்கும். அங்கேதான் அலாரம், பூட்டுகளுக்கான கன்ட்ரோல் யூனிட் இருக்கிறது. அது நனைந்தால் செலவு பெரிது. முன் பம்பரின் இரண்டு பக்கத் துவாரங்களுக்குள் ரேடியேட்டர்கள். அங்கேயும் சருகு சேர்ந்து, ஈரம் தங்கி, அரிக்கும். மாதம் ஒரு முறை கையை விட்டு அள்ளிவிடுங்கள்.

அடுத்து எஞ்சின். 2008 வரையிலான பாக்ஸ்டர்களில் கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் கேம் ஷாஃப்ட்டுக்கும் நடுவே ஓடும் ஒரு ஷாஃப்ட்டின் பேரிங் பேர்போனது. எல்லா வண்டியிலும் போகாது. போனால் எஞ்சினே போய்விடும். 2009 எஞ்சினில் அந்த ஷாஃப்ட்டையே எடுத்துவிட்டார்கள். எனவே ஆயில் மாற்றும்போதெல்லாம் ஃபில்டரை வெட்டிப் பார்த்து, இரும்புத் துகள் இருக்கிறதா என்று கவனிக்கச் சொல்லுங்கள்.

இதைச் சொன்னபோது மாமா முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பு. “கம்ப்ரஸர் ஆயிலை வெரல்ல தேச்சுப் பாக்கற மாதிரிதானே? இருபது வருஷமா அதைத்தானே செய்யறேன்!”

பிரேக் ஆயிலை 2 வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். டயரில் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள். 2318 என்றால் 2018-ன் 23-வது வாரம். பட்டன் இருந்தாலும் ரப்பர் கிழடாகியிருக்கும், மாற்றிவிடுங்கள். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் அதே பெட்ரோலோடு நிறுத்தி வைக்காமல், வாரம் ஒரு முறை எஞ்சின் நன்றாகச் சூடேறும் வரை ஓட்டுங்கள். மக்காச்சோளம் இருக்கும் வீட்டில் எலியும் இருக்கும், வயரைக் காப்பாற்றுங்கள்.

நான் கிளம்பும்போது போர்ஷே, விற்ற ரிக் வண்டியின் ஷெட்டுக்குள் போயிருந்தது. பஸ் ஸ்டாண்ட் வரை அதிலேயே கொண்டுவந்து விட்டார் மாமா. அத்தை மட்டும் இன்னும் அதில் ஏறவில்லை.

“அந்த முட்டையைச் சரி பண்ணி ஆர்.சி. வரட்டும். அப்புறம் நாமக்கல் ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போலாம்” என்று சொல்லியிருக்கிறார்.