குழி தோண்டுமுன்

லோயர்கேம்ப் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல்லை வளர்க்கும் முல்லைப்பெரியாற்றின் மணலையும், மலையடிவார மானாவாரி நிலங்களின் சரளையையும் அள்ளத் திட்டம் வகுப்போர், எத்தனை லோடு தேறும் என்று கணக்கிடும் அதே சிரத்தையோடு, அள்ளியபின் அந்நிலம் என்னவாகும் என்பதையும் முதல் நாளே நிர்ணயித்தாக வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். 5 ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி அவசியம் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் விதித்தது நியாயமே. ஆற்று மணலையேனும் வெள்ளம் ஓரளவு ஈடுசெய்யும். சரளைக் குழியை எந்த மழையும் நிரப்பாது. மேல்மண்ணைத் தனியே வழித்துக் குவித்து, மழையில் கரையாதபடி அதன்மேல் கொழிஞ்சி விதைத்து, குழியின் கரைகளைச் செங்குத்தாக விடாமல் சரித்து, கடைசியில் அம்மண்ணையே திரும்பப் பரப்பினாலன்றி அங்கே சோளமோ மொச்சையோ விளையாது. அதற்காகும் செலவைக் குத்தகைதாரரிடம் முன்பணமாகவே அரசு வாங்கி வைக்கட்டும்.