பத்து லட்சம் புள்ளிகளும் ஒரு புள்ளியும்

இடைவெளியை இன்னும் நுணுக்கமாக வெட்டு, புள்ளிகளைக் கூட்டு, விடை தானாகச் சரியாகிவிடும்: எண்வழித் தொகையிடலைப் பற்றி மாணவர்கள் மட்டுமல்ல, ஆய்வாளர்கள் பலரும் இப்படித்தான் நம்புகிறார்கள். வளைவு வழுவழுப்பாக இருக்கும்வரை இந்த நம்பிக்கையால் பெரிய கேடு இல்லை. முரட்டுச் சார்பு வந்ததும் அது காலை வாரிவிடுகிறது. 1/√x என்ற சார்பை 0 முதல் 1 வரை தொகையிட்டால் விடை 2. நடுப்புள்ளி விதியில் n புள்ளிகள் வைத்தால் பிழை ஏறத்தாழ 0.6/√n. பத்து லட்சம் புள்ளிகள் வைத்தும் 0.0006 பிழை மிஞ்சும். இன்னும் ஓர் இலக்கம் துல்லியம் வேண்டுமானால் உழைப்பு நூறு மடங்காக வேண்டும். அதே கணக்கில் x = t² என்று பிரதியிடுங்கள். சார்பு 2 என்ற மாறிலியாகிவிடும். ஒரே புள்ளியில் விடை பிழையின்றி வந்துவிடும். பூஜ்யத்தருகே சார்பு எப்படி எகிறுகிறது என்று ஒரு நிமிடம் பார்த்ததன் பலன் இது.

எகிறாத சார்பும் ஏமாற்றும். 1901-இல் ரூங்கே எடுத்துக்காட்டிய 1/(1+25x²), -1 முதல் 1 வரை எங்குமே உடையாத வளைவு. சம இடைவெளிப் புள்ளிகள் எல்லாவற்றின் வழியாகவும் ஒரே பல்லுறுப்புக்கோவையைச் செலுத்தினால், புள்ளிகள் கூடக்கூட ஓரங்களில் ஆட்டம் பெருகுகிறது; அதன்மேல் நிற்கும் நியூட்டன்–கோட்ஸ் விதிகளின் விடையும் உண்மையை விட்டு விலகுகிறது. காஸ் 1814-இலேயே தந்த விதியில் புள்ளிகள் ஓரங்களில் நெருங்கி நிற்கும், எடைகள் அனைத்தும் நேர்ம எண்கள். அங்கே இந்தத் தொல்லை இல்லை. எண்ணிக்கையைவிட இருப்பிடமே முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

எல்லாச் சார்புக்கும் அழகான பிரதியீடு கிடைக்குமா என்று கேட்கலாம். கிடைக்காதுதான். ஆனால் தொல்லை இடைவெளியின் முனையில் இருக்கிறது என்று தெரிந்தாலே, தகாஹாசியும் மோரியும் 1974-இல் வெளியிட்ட இரட்டை அடுக்குக்குறி மாற்றம் பெரும்பாலும் கைகொடுக்கும்.

நிரல் தொகுப்புகள் இதையெல்லாம் தாமே பார்த்துக்கொள்ளும் என்பது இன்னொரு வாதம். 1983-இல் நூலாகவும் வந்த குவாட்பேக் அருமையான உழைப்பு; அதிலுள்ள தகவமைப்பு நிரல்கள், பிழை பெரிதாகத் தெரியும் இடத்தை மேலும் பிரித்துப் பார்க்கும். பிழை தெரிந்தால்தானே பிரிக்கும்? -1 முதல் 0 வரை 1, அதன்பின் 10,000 வரை 0 என்றொரு சார்பை 21 புள்ளி காஸ்–குரோன்ராட் விதியிடம் கொடுங்கள். இடது கோடியில் அது தொடும் முதல் புள்ளியே 20-ஐத் தாண்டி விழுகிறது. தொட்ட இடமெல்லாம் பூஜ்யம். ஆகவே விடை 0, பிழை மதிப்பீடும் 0. உண்மை விடை 1. இடைவெளியை 0-இல் இரண்டாகப் பிரித்துக் கொடுத்தால் அதே நிரல் சரியான விடையைத் தரும். எங்கே பிரிப்பது என்பதை நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும்.