திரை கறுத்தால் கணினி செத்துவிட்டதா?

பிரெஞ்சில் 'கொன்சோல்' என்றால் சுவரை ஒட்டிப் போடும் ஒடுங்கலான மேசை. கணினிக்காரர்கள் சொல்லும் கன்சோல் வேறு. லினக்ஸ் போன்ற இயங்குதளம் கிளம்பும்போது தன் செய்திகளை எழுதும் இடம் அது. அந்த இடம் நம் திரையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பெட்டியின் பின்னால் இருக்கும் சீரியல் போர்ட்டாகவும் இருக்கலாம்.

எங்கள் தெருவில் ஓர் அம்மாள் வீட்டில், மகன் கொண்டுவந்து வைத்த பழைய சர்வர் பெட்டி ஒன்று. காலமான கணவரின் பென்ஷன் காகிதங்கள் முழுக்க அதில்தான். ஒருநாள் நாலு வரி ஓடித் திரை நின்றுவிட்டது. "போர்டு போயிடுச்சும்மா, புதுசு வாங்கிடுங்க" என்றார் கடைக்காரர். போர்டுக்கு ஒன்றுமில்லை. வட்டில் ஏதோ சரிபார்க்க வேண்டியிருந்து, பதிலுக்காகச் சீரியல் போர்ட்டில் காத்திருந்தது. அங்கே கேட்க ஆளில்லை.

அலுவலகத் தபால் மாதிரிதான் இதுவும். தொடக்க வரியில் இரண்டு கன்சோல் குறித்திருந்தால், கெர்னலின் செய்திகள் இரண்டுக்கும் நகல் போகும். அதன்பின் வரும் நிரல்களின் பேச்சும் கேள்வியும் கடைசியாகக் குறித்த பெயருக்கு மட்டும். கிளவுடுக்கென்று தயாரான உபுண்டுவில் சீரியல் போர்ட் கடைசியில் இருக்கும். அங்கே அது சரி, வீட்டில் வம்பு.

கிரப் பட்டியலில் 'இ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'கன்சோல்=டிடிஒய்0' என்று ஆங்கில எழுத்தில் சேர்த்து எஃப்10 தட்டினால் பேச்சு திரைக்கு வந்துவிடும். அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான். நிலைக்க வேண்டுமானால் கிரப்பின் அமைப்புக் கோப்பில் எழுத வேண்டும். (என்னைப்போல் பிரெஞ்சு கீபோர்டு வைத்திருப்பவர்களுக்கு: கிரப் அதை அமெரிக்கக் கீபோர்டாகவே நினைக்கும். எண்ணுக்கு ஷிப்ட் வேண்டாம். 'ஏ', 'க்யூ' இடம் மாறும். நல்லவேளை, இந்தச் சொல்லில் இரண்டும் இல்லை.)

எனக்குக் கோபம் உபுண்டு அதே வரியில் தானாகவே போட்டுவைக்கும் 'க்வயட்', 'ஸ்பிளாஷ்' மீதுதான். செய்தியை மறைத்துவிட்டு அழகான சின்னம் காட்டுவானேன்? கோளாறு என்னவென்று தெரிந்துகொள்ள வீட்டுக்காரருக்கு உரிமையில்லையா? புரியாத வரியானாலும் ஓடட்டும். அந்த இரண்டு சொற்களையும் அழித்துவிட்டு, திரையில் நிற்கும் கடைசி வரியைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு, அதன் பிறகு கடைக்குப் போங்கள்.