அண்டர்டேக்கருக்கு பிஎஃப் கிடையாது மக்களே!

எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், ஹோம் லோன்னு பேசிட்டிருக்கற இடத்துல மல்யுத்தம் எதுக்குன்னு கேக்காதீங்க, விஷயம் இருக்கு. காலையில நாகர்கோவில்ல இருந்து திருவனந்தபுரம் போற ரயில்ல, டெக்னோபார்க் ஐடி கார்டு தொங்கப் போட்ட ஒரு தம்பியைப் பிடிச்சு, "மாண்ட்ரியல்ல பிரெட் ஹார்ட்டுக்கு என்ன நடந்துச்சு?"ன்னு கேட்டுப் பாருங்க. குழித்துறை வர்றதுக்குள்ள முழுக் கதையும் சொல்லிருவான். அதே தம்பிகிட்ட, "ஒனக்க ஆஃபர் லெட்டர்ல நீ எம்ப்ளாயியா, கன்சல்டன்டா?"ன்னு கேளுங்க. பாறசாலை தாண்டியும் பதில் வராது.

நம்ம தலைமுறைக்கு இந்தக் கிறுக்கு ட்ரம்ப் கார்டுல ஆரம்பிச்சது. பெட்டிக்கடையில வாங்கின கார்டுக்கட்டு, பள்ளிக்கூட பெஞ்சுக்கு அடியில ஆட்டம். உயரம், எடை, நெஞ்சளவு, பைசெப்ஸ், ஆடின சண்டை, ஜெயிச்ச சண்டை, ரேங்க். இத்தனை கட்டம் இருந்துச்சே, அந்த ஆளுக்கு எப்படி சம்பளம், அடிபட்டா யாரு செலவுன்னு ஒரு கட்டம் இருந்துச்சா? பெரியவங்களான பிறகு திரைக்குப் பின்னால நடந்த கதைகளைத் தேடித் தேடிப் படிச்சோம். யாரு யாருகிட்ட தோக்க மறுத்தாங்க, யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லைன்னு அத்தனையும் தெரியும். ஒப்பந்தத்துல என்ன எழுதியிருந்துச்சுன்னு மட்டும் பாக்கலை. என்னைக் கேட்டா, இந்தத் தொழிலோட பெரிய ரகசியமே அங்கதான் இருக்கு.

"அது எல்லாம் டூப்புதானே"ன்னு வீட்டுல பெரியவங்க சொல்லுவாங்க. அந்தக் காலத்துல வீரர்களுக்கு கேஃபேப்னு ஒரு கட்டுப்பாடு இருந்தது. மேடையில எதிரின்னா வெளியிலயும் எதிரியாவே நடந்துக்கணும், குட்டை உடைக்கக் கூடாது. அதை உடைச்சது பத்திரிகைக்காரன் இல்லை. 1989 பிப்ரவரியில, அப்போ டபிள்யூ.டபிள்யூ.எஃப்னு இருந்த கம்பெனியே நியூஜெர்சி மாநில செனட்ல, இது நிஜப் போட்டி இல்லை, பொழுதுபோக்குன்னு ஒத்துக்கிட்டது. விளையாட்டுன்னு சொன்னா மாநில ஆணையத்தோட லைசென்ஸ், கட்டுப்பாடு, டிவி ஒளிபரப்பு வருமானத்துல வரின்னு எல்லாம் வரும். பொழுதுபோக்குன்னு சொன்னா அதெல்லாம் போயிரும். அத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வச்ச ரகசியத்தை வரிச் செலவை மிச்சம் பிடிக்கறதுக்காக வெளியில விட்டாங்க, கேட்டியளா! ஒரு வார்த்தையை மாத்தினா செலவு மாறும்னு தெரிஞ்ச ஆபீஸ் அது.

வீரர்கள் விஷயத்துலயும் அதே வித்தைதான். டபிள்யூ.டபிள்யூ.ஈ-யில மல்லுக்கட்டறவங்க ஊழியர்கள் கிடையாது, தனி ஒப்பந்தக்காரர்கள். ஹல்க் ஹோகன், அண்டர்டேக்கர், ஜான் சீனா எல்லாருக்கும் அதுதான். எந்த ஊருக்கு எப்போ வரணும், என்ன உடை போடணும், எத்தனையாவது நிமிஷத்துல யாருகிட்ட தோக்கணும்னு கம்பெனி சொல்லும். வேற கம்பெனி மேடையில ஏற முடியாது. ஆனா பேரு "சுதந்திர" ஒப்பந்தக்காரர். அதனால கம்பெனி சார்புல ஓய்வூதியத் திட்டம் கிடையாது, குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு கிடையாது. ரிங்குக்குள்ள அடிபட்டா சிகிச்சைச் செலவைக் கம்பெனி பாத்துக்கும். ஆனா விமான டிக்கெட் தவிர வாடகைக் காரு, ஓட்டல் ரூமு எல்லாம் பெரும்பாலானவங்களுக்குப் பல வருஷம் சொந்தக் காசாத்தான் இருந்தது. ஒரே காருல நாலு பேரு சேர்ந்து போன பயணக் கதைகளை நாம ரசிச்சுப் படிக்கறோமே, அதெல்லாம் நட்புக்காக மட்டும் இல்லை, பெட்ரோலைப் பங்கு போடறதுக்கும் சேர்த்துதான்.

இது சரியில்லைன்னு முதல்ல சத்தமா பேசினவர் ஜெஸ்ஸி வெஞ்சுரா. 1986-ல ரெஸில்மேனியா 2 சமயத்துல, உடை மாத்தற அறையில நின்னு, நமக்கு ஒரு சங்கம் வேணும்னு மத்தவங்ககிட்ட சொன்னார். சங்கம் வரலை, விஷயம் மட்டும் முதலாளி வின்ஸ் மெக்மேனுக்குப் போயிருச்சு. போட்டுக் குடுத்தது யாருன்னு வெஞ்சுராவுக்குப் பல வருஷம் தெரியாது. பிறகு அவரு வர்ணனை பண்ணின வீடியோ கேசட்டுகளுக்கு ராயல்டி தரலைன்னு வழக்குப் போட்டார். பெரிய நட்சத்திரம் தவிர யாருக்கும் ராயல்டி கிடையாதுன்னு சொல்லி ஏமாத்திட்டாங்கங்கறது அவரோட வாதம். அந்த வழக்கு விசாரணையில சத்தியம் பண்ணிச் சொல்ல வேண்டி வந்தப்போதான் மெக்மேன் வாயில இருந்து பேரு வந்தது: ஹல்க் ஹோகன். நடுவர் குழு வெஞ்சுராவுக்கு 8 லட்சம் டாலருக்கு மேல கொடுக்கச் சொன்னது. அந்த ஆளு 1998 தேர்தல்ல ஜெயிச்சு மினசோட்டா மாநில கவர்னராவும் ஆனார்.

ரசிகர்கள் இந்தக் கதையை ஹோகன் துரோகின்னு முடிச்சிருவாங்க. எனக்கு அதை விட முக்கியமாப் படறது, அடுத்தவனுக்கு என்ன கிடைக்குதுன்னு யாருக்கும் தெரியாம வச்சிருந்ததுதான். சம்பளத்தைப் பத்திப் பேசிக்கக் கூடாதுன்னு உங்க எச்ஆர் சொல்லும்போது கேசட் கதையை நினைச்சுக்கோங்க.

2008-லயும் ரேவன், கேன்யன், மைக் சாண்டர்ஸ்னு மூணு பேரு, நாங்க ஒப்பந்தக்காரர் இல்லை, ஊழியர்கள்னு வழக்குப் போட்டாங்க. காலம் கடந்து வந்துட்டீங்கன்னு தள்ளுபடி ஆச்சு. 2020-ல, கம்பெனிக்கு வெளியில ட்விச், கேமியோ மாதிரி தளங்கள்ல வீரர்கள் சொந்தமா சம்பாதிக்கறதையும் தடுத்தாங்க. ஒப்பந்தக்காரன்னா நாலு இடத்துல வேலை பாக்கணும், ஊழியன்னா பிஎஃப் வேணும். ரெண்டும் இல்லைன்னா அது என்ன கணக்கு?

அப்புறம் பேரு. 1996-ல ஸ்காட் ஹாலும் கெவின் நாஷும் போட்டிக் கம்பெனிக்குப் போனப்போ, ரேசர் ரமோன், டீசல்ங்கற பேருகளைக் கொண்டு போக முடியலை. அதோட விட்டாங்களா? வேற ரெண்டு ஆளுக்கு அதே வேஷம் போட்டு, அதே பேருல மேடையில ஏத்தினாங்க. அந்த டூப்ளிகேட் டீசல் யாரு தெரியுமா? பின்னால முகமூடி போட்டு வந்து நம்மளை மிரட்டின கேன்தான். கோடி ரோட்ஸ் 2016-ல வெளியில போனப்போ, அப்பா காலத்துல இருந்து குடும்பத்தோட வந்த "ரோட்ஸ்"ங்கற பேரு இல்லாம வெறும் கோடியா நாலு வருஷம் சுத்தினார். இதையெல்லாம் பாத்துத் தெளிஞ்சவர் ராக். 2024 ஜனவரியில தாய்க் கம்பெனியான டிகேஓ-வோட இயக்குநர் குழுவுல சேரும்போது "தி ராக்"ங்கற பேரோட முழு உரிமையையும் தன் கைக்கு வாங்கிட்டார்.

இதுக்கு நேர் எதிரா நம்ம நாட்டு உதாரணம் ஒண்ணு. வீட்டுல தாத்தா இருந்தா கேளுங்க, கிங்காங்-தாராசிங் சண்டைன்னா கண்ணு விரியும். கிங்காங் ஹங்கேரிக்காரர், எமில் சாயாங்கறது சொந்தப் பேரு. தாராசிங் பஞ்சாப் கிராமத்துல இருந்து சிங்கப்பூர் போய் மல்யுத்தம் பழகினவர். 1968-ல பம்பாய்ல லூ தெஸ்ஸை ஜெயிச்சார். சண்டையில சம்பாதிச்ச பேரை சினிமாவுக்குக் கொண்டு போனார், மொகாலியில ஸ்டூடியோ வச்சார், டிவி ராமாயணத்துல அனுமாரா வந்தார், 2003-ல மாநிலங்களவைக்கும் போனார். தாராசிங்ங்கற பேரு அவரு கையிலயே இருந்தது, அதைக் கழட்டி வச்சிட்டுப் போன்னு சொல்ல எந்தக் கம்பெனியாலயும் முடியலை.

சரி, நம்ம கதைக்கு வருவோம். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் சின்ன ஐடி கம்பெனி, டிசைன் ஸ்டூடியோ, கோச்சிங் சென்டர்னு நிறைய வந்தாச்சு. கொள்ளாம், ஊருலயே வேலை. ஆனா பல பேருக்கு நியமனக் கடிதத்துல "கன்சல்டன்ட்"னு போட்டு, மாசம் 40,000 ரூபாயில 10% டிடிஎஸ் பிடிச்சு அனுப்பறாங்க. "பிடித்தம் இல்லாத முழுச் சம்பளம்"னு பையன் சந்தோஷப்படறான். காலையில ஒன்பது மணிக்கு பயோமெட்ரிக், லீவுக்கு மேனேஜர் அனுமதி, வெளி வேலை பாக்கக் கூடாது. இது ட்ரம்ப் கார்டு வாழ்க்கைதான்.

கணக்கு போட்டுருவோம். இதே வேலை ஊழியரா இருந்து அடிப்படைச் சம்பளம் 20,000-னு வையுங்க. முதலாளி பங்கு பிஎஃப் 12%, மாசம் 2,400. அஞ்சு வருஷத்துல வட்டி இல்லாமலே 1,44,000 ரூபாய். அஞ்சு வருஷ கிராஜுவிட்டி, 20,000-ஐ 26-ஆல வகுத்து 15-ஆலயும் 5-ஆலயும் பெருக்கினா சுமார் 57,700. ரெண்டும் சேர்ந்து ரெண்டு லட்சத்தைத் தாண்டும். இதுக்கு மேல, வேலையில இருக்கும்போது உயிர் போனா பிஎஃப்-ஓட சேர்ந்து வர்ற இடிஎல்ஐ காப்பீடு, அதிகபட்சம் 7 லட்சம். பிஎஃப் சட்டம் குறைஞ்சது 20 பேரு வேலை செய்யற இடத்துக்கு, கிராஜுவிட்டி 10 பேருக்கு. உங்க ஆபீஸ்ல எத்தனை நாற்காலின்னு எண்ணிப் பாத்துக்கோங்க.

கன்சல்டன்டா இருக்கறதே தப்புன்னு நான் சொல்லலை. ரெண்டு மூணு கிளையன்ட், சொந்த நேரம், தகுதியுள்ள தொழிலா இருந்தா 44ஏடிஏ மாதிரி எளிய வரி முறை, இதெல்லாம் நல்ல வசதிதான். ஆனா விலை வேணும். மேல சொன்ன பிஎஃப், கிராஜுவிட்டியே மாசத்துக்கு 3,300-க்கு மேல. வருஷம் 18 நாள் சம்பளத்தோட லீவு இல்லைன்னா அது மாசத்துக்கு இன்னொரு 2,300. மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தையும் சேருங்க. 40,000-க்கு ஊழியரா கிடைக்கற வேலையை ஒப்பந்தத்துல செய்ய 46,000, 47,000 கேட்டாதான் சமம். அதே 40,000-க்கு கையெழுத்துப் போட்டா சம்பளத்தைக் குறைச்சுக்கிட்டதா அர்த்தம்.

"கடிதத்துல கன்சல்டன்ட்னு எழுதியாச்சே, இனி என்ன செய்ய?"ன்னு நினைக்காதீங்க. நம்ம உச்ச நீதிமன்றம் 1956-லயே இதைப் பாத்திருக்கு. குஜராத் உப்பளத்துல வேலை செஞ்ச அகரியாக்களை, இவங்க தொழிலாளி இல்லை, தனி ஒப்பந்தக்காரர்கள்னு திராங்கத்ரா கெமிக்கல் வொர்க்ஸ் வாதாடிச்சு. (ஆமா, தூத்துக்குடி ஜில்லாவுல சாகுபுரத்துல ஆலை வச்சிருக்கற டிசிடபிள்யூ-வோட பழைய பேருதான் அது.) எடைக்குக் கூலி, உதவிக்கு ஆளு அவங்களே வச்சுப்பாங்கன்னு இருந்தாலும், வேலையை எப்படிச் செய்யணும்னு கம்பெனிதான் மேற்பார்வை பண்ணுது, அதனால தொழிலாளிதான்னு தீர்ப்பு. புத்தளம் உப்பளத்து வழியா பைக்ல போறவங்க இதை ஞாபகம் வச்சுக்கலாம். ஒவ்வொரு வழக்கும் அதோட விவரத்தைப் பொறுத்தது, அதனால வக்கீல்கிட்ட கேக்காம எச்ஆர் ரூமுக்குள்ள போய் சண்டை போட்டுராதீங்க.

நம்ம ஊரு அடிமுறை ஆசான்மாரு ஒரு விஷயம் சொல்லுவாங்க: வர்மத்துல அடிக்கப் படிச்சவனுக்கு இளக்குமுறையும் தெரியணும். அடியையும் வைத்தியத்தையும் சேர்த்தே சொல்லிக் குடுப்பாங்க. டபிள்யூ.டபிள்யூ.ஈ-க்கு அந்த ஞானம் எடி கெரேரோ 2005 நவம்பர்ல இறந்த பிறகுதான் வந்தது. 2006-லதான் வீரர்களுக்கான உடல்நலத் திட்டம் ஆரம்பிச்சாங்க. அதுக்கு முன்னால 1999-ல ஓவன் ஹார்ட் கன்சாஸ் சிட்டியில 78 அடி உயரத்துல இருந்து கீழ விழுந்து இறந்தப்போ, குடும்பம் வழக்குப் போட்டுத்தான் சுமார் 1.8 கோடி டாலர் சமரசத் தொகை வாங்க முடிஞ்சது.

அந்த ஓவனோட அண்ணன்தான் பிரெட். 1996-ல கம்பெனி அவருக்கு 20 வருஷ ஒப்பந்தம் போட்டது. ஒரே வருஷத்துல, எங்களால இதைத் தாங்க முடியாது, போட்டிக் கம்பெனிகிட்ட பேசிக்கோன்னு சொல்லிட்டாங்க. 1997 நவம்பர் 9-ஆம் தேதி மாண்ட்ரியல்ல, அவருக்குத் தெரியாம மணி அடிச்சு பெல்ட்டை ஷான் மைக்கேல்ஸுக்குக் குடுத்தாங்க. பிரெட்டுக்கு முன்னாலேயே தெரியுமான்னு இன்னமும் அடிச்சுக்கறோம். நான் பாக்கறது அதுக்குப் பின்னால நடந்ததை. 1999 டிசம்பர்ல கோல்ட்பர்க் விட்ட ஒரு உதை தலையில பட்டு, பிரெட்டோட தொழிலே முடிஞ்சது. புதுக் கம்பெனியும் 2000-ல அவரை அனுப்பிருச்சு. 20 வருஷ ஒப்பந்தம் போச்சு, அடுத்த ஒப்பந்தமும் போச்சு. கை குடுத்தது அவரு தன் பேருல எடுத்து வச்சிருந்த லாய்ட்ஸ் ஆஃப் லண்டன் ஊனக் காப்பீடு. அதனாலதான் 2010 ரெஸில்மேனியாவுல அவரு திரும்பி வந்து மெக்மேனோட மோதினப்போ, பாலிசி நிபந்தனைக்கு ஏத்த மாதிரி அவரு அதிகம் விழாம, அடி வாங்காம அந்தச் சண்டையை அமைச்சாங்க. சண்டை மொக்கைன்னு அன்னைக்குத் திட்டினவங்க நிறைய.

கம்பெனி குடுக்கற குரூப் பாலிசி வேலையை விட்ட அன்னைக்கே போயிரும். சொந்தப் பேருல ஒரு பர்சனல் ஆக்சிடென்ட் பாலிசி எடுக்கும்போது, நிரந்தர முழு ஊனம், நிரந்தரப் பகுதி ஊனம், கொஞ்ச நாள் வேலைக்குப் போக முடியாத நிலைமைக்கு வாராவாரம் பணம்னு மூணும் இருக்கான்னு பாருங்க. மூணாவதைப் பல பாலிசியில தனியா சேர்க்கணும். அடுத்த வீடியோவுல ஒரு பாலிசிப் பத்திரத்தை வரி வரியா வாசிக்கப் போறோம். அதுக்குள்ள நீங்க உங்க ஆஃபர் லெட்டரையும் ஃபார்ம் 26ஏஎஸ்-ஐயும் எடுத்து, உங்க வருமானம் சம்பளம்னு பதிவாகுதா, தொழில்முறைக் கட்டணம்னு பதிவாகுதான்னு பாத்து வையுங்க. ரெண்டாவதுன்னா ஐடிஆர்-1 உங்களுக்கு இல்லை, 3 அல்லது 4.